கீமோவுக்கு நடுவில் காய்ச்சலா? காப்பீட்டு அட்டையில் எங்கே சிக்கல் வரும்

இரவு பத்தரை மணி. போர்வை சுற்றிய பையனை மடியில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா, பூட்டிய காப்பீட்டு கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரத்தப் புற்றுநோய், கீமோ முடிந்து ஒன்பதாம் நாள், காய்ச்சல் 101. "காலையில அப்ரூவல் வந்ததும் சேர்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

அது காலை வரை காத்திருக்கும் காய்ச்சல் இல்லை. கீமோவால் வெள்ளணுக்கள் சரிந்திருக்கும்போது ரத்தத்தில் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். ஒருமுறை 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ரத்தத்தைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும்.

தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தெரிந்ததுதான்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. சிக்கல் வேறு இடத்தில்.

கீமோவுக்கு வாங்கிய அனுமதி காய்ச்சலுக்குச் செல்லாது. தொற்று சிகிச்சைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது ஆஸ்பத்திரி, நீங்கள் இல்லை. அவசரமென்றால் ஃபோனிலேயே அனுமதி வாங்க வழி உண்டு. "கவுன்ட்டர் மூடியாச்சு" என்றால் டியூட்டி டாக்டரிடம் போய், "கீமோ பேஷன்ட், காய்ச்சல்" என்று முதலில் சொல்லுங்கள். ஊசி முதலில், பேப்பர் அப்புறம். அப்போதும் தட்டிக்கழித்தால் அங்கேயே நின்று திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள்.

பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன், அது திட்டப் பட்டியலில் இருக்கிறதா, புற்றுநோய் சிகிச்சைக்கும் சேர்த்து இருக்கிறதா என்று முதல் கீமோ அன்றே விசாரித்து வையுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு அட்டையை நீட்டினால் பணம் திரும்புவது குதிரைக்கொம்பு. அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ரேஷன் கார்டு; காப்பீட்டுக்குக் குடும்பத்தில் யார் யார் என்று அதில்தான் பார்ப்பார்கள். குழந்தையின் பெயர் அதில் ஏறவில்லை என்பதாலேயே அலைகிறவர்கள் நிறைய. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் "கலெக்டர் ஆபீஸ் போய் மாத்திட்டு வாங்க" என்பார்கள். குழந்தை நன்றாக இருக்கும் வாரத்திலேயே பெயரைச் சேர்த்து, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் அட்டையைச் சரிபார்த்துவிடுங்கள்.

கல்ச்சர் முடிவு வந்து விலை கூடிய மருந்துக்கு மாற்றினால் கூடுதல் அனுமதிக்கும் ஆஸ்பத்திரிதான் எழுத வேண்டும். "வெளியே வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு நீட்டினால், திட்டத்தில் ஏன் வராது என்று அதே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பாதி நேரம் மருந்து உள்ளேயே கிடைத்துவிடும்.