ஸ்பானிஷ் வினைச்சொல்லைத் தமிழ் வழியாகப் படியுங்கள்

ஸ்பானிஷ் கற்க வருகிறவர்களில் பலர் வினைச்சொல் அட்டவணையைப் பார்த்ததும் மலைத்துப்போகிறார்கள். "ஒரே வினைக்கு இத்தனை வடிவமா?" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படிப்பதால் வரும் மலைப்பு இது. ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு நான், நீ, நாங்கள், அவர்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே வடிவம்தான். நாமோ பேசினேன், பேசினாய், பேசினோம் என்று ஆளுக்கு ஆள் விகுதியை மாற்றிப் பேசிப் பழகியவர்கள்.

பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? 'பேசினோம்' என்றால் பேசு + இன் + ஓம். பகுதி, இடைநிலை, விகுதி. இப்போது 'அப்லாபமோஸ்' என்ற ஸ்பானிஷ் சொல்லைப் பாருங்கள். 'அப்போதெல்லாம் பேசுவோம்' என்று பொருள். அப்லா + ப + மோஸ் என்று அப்படியே பிரிகிறது. அந்த 'மோஸ்' நம் 'ஓம்' போல எந்தக் காலத்திலும் 'நாங்கள்' என்பதையே காட்டும். பேசுகிறோம் என்றால் அப்லாமோஸ், இனிமேல் பேசுவோம் என்றால் அப்லரேமோஸ். 'அவர்கள்' என்றால் கடைசியில் 'ன்' நிற்கும்: ஆப்லன், அப்லாபன், அப்லரான். எல்லா வடிவங்களும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. ஆனால் விகுதியைத் தேடும் கண் வந்துவிட்டால் அட்டவணை பாதியாகிவிடும்.

விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'யோ', அதாவது 'நான்', பெரும்பாலும் தேவைப்படாது. "எங்க வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "சென்னையில வேலை பார்க்கிறேன்" என்கிறோம், 'நான்' சேர்ப்பதில்லை. ஸ்பானிஷிலும் "த்ரபாஹோ என் சென்னை" போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' போட்டால் தப்பில்லை, ஆனால் 'நான்தான், நான்தான்' என்று அழுத்திச் சொல்வது போல் ஒலிக்கும்.

அடுத்தது, மனப்பாடம். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, அப்லாமோஸ் என்று வரிசையாக ஒப்பிக்கிறவர்கள் கேள்வி கேட்டால் திணறுகிறார்கள். பேச்சில் அந்த வரிசை வருவதே இல்லை. வருவது கேள்வி-பதில் ஜோடி. "தோந்தே த்ரபாஹாஸ்?" (எங்கே வேலை பார்க்கிறாய்?) என்று கேட்டால் பதில் "த்ரபாஹோ". கேட்பவர் 'ஆஸ்' என்று முடித்தால் நீங்கள் 'ஓ' என்று முடிக்க வேண்டும். 'நீங்கள் எல்லாரும்' என்று கேட்டு 'ஆன்' வந்தால், பதில் 'ஆமோஸ்'. இந்த ஜோடிகளை வாய் பழகும்வரை சொல்லிப் பாருங்கள்.

முதலில், 'அப்லார்' போல அகராதி வடிவம் 'ஆர்' என்று முடியும் வினைகளை மட்டும் எடுங்கள். 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்று வகைகளில் எண்ணிக்கை அதிகம் அதில்தான். புதிதாக மொழிக்குள் வரும் வினைகளும், இணைய அரட்டைக்கான 'சாத்தேஆர்' உட்பட, பெரும்பாலும் அங்கேதான் சேர்கின்றன. 'ஏர்', 'ஈர்' வகைகள் நிகழ்காலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொமேமோஸ் (சாப்பிடுகிறோம்), விவிமோஸ் (வாழ்கிறோம்) போன்ற ஓரிரண்டு இடத்தில்தான் பிரிகின்றன. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் 'வொசோத்ரோஸ்' வடிவம் லத்தீன் அமெரிக்காவின் அன்றாடப் பேச்சில் இல்லை. மெக்சிகோ வாடிக்கையாளரோடு பேசத்தான் படிக்கிறீர்கள் என்றால் அதைத் தள்ளிப்போடலாம்.

நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மரியாதைக்கான 'உஸ்தேத்', பொருளில் 'நீங்கள்'. ஆனால் அதற்கு வினை 'அவர்' வடிவில்தான் வரும். நம் 'நீங்கள்' தனி விகுதி எடுப்பதால், 'உஸ்தேத்' போட்டுவிட்டு 'நீ'க்குரிய 'ஆப்லாஸ்' என்று முடிப்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். 'உஸ்தேத் ஆப்லா' என்பதே சரி.

இன்னொன்று, அழுத்தம். இதுதான் பெரிய சிக்கல், ஏனென்றால் தமிழில் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது. முதல் அசையை அழுத்தி 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தி, எழுத்தில் 'ஓ'வின் மேல் சாய்கோடு போட்டால் 'அவர் பேசினார்'. ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. நான் திருத்தும் தாள்களில் அதிகம் விடுபடுவது இந்தச் சின்னக் கோடுதான். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் காது பிடித்துவிடும்.

அப்புறம், 'புஸ்கார்' என்பது 'தேடினேன்' எனும்போது 'புஸ்கே' ஆகி, 'க' ஒலிக்கு வேறு எழுத்து வருவதைப் பார்த்து ஒழுங்கற்ற வினை என்று பயப்பட வேண்டாம். ஒலி மாறாமல் காக்கத்தான் எழுத்து மாறுகிறது. தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், அது ஒழுங்கான வினை என்று தெரிந்துவிடும்.