இ20 பெட்ரோல்: இன்ஜினுக்கு எப்படித் தெரிகிறது?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் குறைகிறதே, உண்மையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உண்மைதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் 6, 7 சதவீதம் அடிபடும். எத்தனாலின் ஆக்டேன் எண் (அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகம் என்பதால், அதற்கென்றே வடிவமைத்த இன்ஜினில் இந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். அவ்வளவுதான் கணக்கு.

எனக்குப் பிடித்த கேள்வி வேறு. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இ20க்கு ஏறக்குறைய 13.5. டேங்கில் எதை ஊற்றினோம் என்று இன்ஜினுக்கு யார் சொல்கிறார்கள்?

புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக் அளவில் திருகி வைத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான் சொல்கிறது. அதற்குள் இருப்பது சிர்க்கோனியா என்ற பீங்கான். அதில் வேண்டுமென்றே கொஞ்சம் இட்ரியம் சேர்க்கிறார்கள். இரண்டு இட்ரியம் அணுக்கள் சிர்க்கோனியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்தால் ஓர் ஆக்சிஜனின் இருக்கை காலியாகும். சூடு 300 டிகிரியைத் தாண்டியதும் ஆக்சிஜன் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) காலி இருக்கையிலிருந்து காலி இருக்கைக்குத் தாவித் தாவி, திடமான அந்தப் பீங்கானுக்குள்ளேயே நடக்க ஆரம்பிக்கின்றன! ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. ஆக்சிஜன் குறைந்த பக்கம் நோக்கி அயனிகள் நகரப் பார்ப்பதால் மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் கூடுதலாக இருந்தால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் கோடானுகோடி மடங்கு சரிந்துவிடும், உடனே 0.9 வோல்ட். காற்று கூடுதல் என்றால் 0.1 வோல்ட். இதைப் பார்த்துப் பார்த்து ஈசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. 1976லேயே வோல்வோ காரில் வந்துவிட்ட சென்சார் இது. பிரேசிலில் 2003ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் கார், டேங்கில் எத்தனால் எவ்வளவு என்பதை இந்த ஒரு வோல்டேஜிலிருந்தே கணித்தது.

பெட்ரோல் டியூபில் காந்தம் மாட்டினால் மைலேஜ் ஏறும் என்று விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. பழைய கார்புரேட்டர் பைக்குகளின் நிலைமைதான் எனக்கு உண்மையான கவலை. அவற்றில் சென்சார் கிடையாது, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை எப்போதும் ஒரே அளவு, அதனால் இ20 போட்டால் காற்று மிகுந்த கலவையாகவே எரியும், இன்ஜின் சூடேறும், முறுக்கினால் திணறும். எத்தனால் பழைய ரப்பர் டியூப்களையும் கெடுக்கும். டியூபை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஒரு சைஸ் பெரிய ஜெட் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். இப்படிப்பட்ட வண்டிகளை நீண்ட நாள் ஓட்டிச் சோதித்த முடிவுகளை மாடல் வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே பீங்கானின் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் எரிபொருளும் கொடுத்தால் அது, எரிபொருளைத் தீயில் எரிக்காமலேயே மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலம் ஆகிவிடும். 2016ல் நிசான் பிரேசிலில் காட்டிய வண்டி அப்படித்தான் ஓடியது: எத்தனாலைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, இந்த வகை மின்கலத்தில் மின்சாரமாக்கி பேட்டரிக்குத் தந்தது. நாம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் நீரைக் கொட்டி எடுக்கும் எத்தனாலை பிஸ்டன் இன்ஜினில் எரித்து, பாதிக்கு மேல் வெப்பமாக வெளியே விடுகிறோம். காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எத்தனால் ஆலைகளுக்குத் தரும் வட்டிச் சலுகையில் ஒரு சிறு பங்கையாவது இந்தப் பீங்கான் ஆராய்ச்சிக்குத் தரலாமே.