கிணற்றில் விஷம் போட்டது யார்?

2021 ஜூன் மாதம். ஊராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் கொரோனா தடுப்பூசி முகாம். அம்மாவை வரிசையில் நிறுத்திவிட்டு வாசலோடு நின்றுகொண்டார் ஓர் இளைஞர். வயரிங் வேலை செய்பவர்; சட்டைப் பையில் டெஸ்டர் துருத்திக்கொண்டிருந்தது. "தம்பி, நீங்களும் போட்டுக்கலாமே?" என்றேன். தலையை ஆட்டிவிட்டு செல்போனை நீட்டினார். ஒரு வீடியோ. உலகத்தை ஆள்வது 13 குடும்பங்கள், அதில் பெரிய குடும்பம் ரோத்சைல்டு, கொரோனாவைப் பரப்பியது அவர்கள், ஊசி தயாரிப்பதும் அவர்கள், மக்கள்தொகையைக் குறைப்பதுதான் திட்டம்.

"இலுமினாட்டி மேடம். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

என்னை மடக்குவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. என்னையும் காப்பாற்ற நினைத்தார். ரோத்சைல்டு யார் என்று கேட்டேன். "பெரிய பணக்காரங்க. லண்டன் பக்கம்" என்றார். அது யூதக் குடும்பம் என்பது அவருக்குத் தெரியாது. வீடியோவில் யூதர் என்ற சொல்லே வரவில்லை. ஒரு யூதரைக்கூட நேரில் பார்த்திராத அந்தத் தம்பியின் கைக்கு, ஐரோப்பாவில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாக எரிக்கக் காரணமான கதை, பெயர்ப்பலகை மட்டும் கழற்றப்பட்டு வந்து சேர்ந்திருந்தது.

நான் சமூக மருத்துவம் படித்தவள். கொள்ளைநோய்களின் வரலாறு எங்கள் பாடத்திலேயே உண்டு. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் நினைவுக்கு வந்தது 1348-ஆம் ஆண்டுதான்.

அந்த ஆண்டு பிளேக் மத்தியதரைக் கடல் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவின் உள்நாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. காரணம் ஒருவருக்கும் தெரியாது. பிளேக் கிருமியை யெர்சின் என்ற மருத்துவர் ஹாங்காங்கில் கண்டுபிடிக்க 1894 ஆக வேண்டியிருந்தது. எலித்தெள்ளுதான் அதைக் கடத்துகிறது என்று சிமோன் என்ற மருத்துவர் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898-இல். 1348-இல் இருந்த கேள்வி "எதனால்?" என்பதல்ல, "யாரால்?" என்பது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்பது பதிலாக வந்தது.

ஜெனீவா ஏரிக்கரையில் ஷியோன் கோட்டை இருக்கிறது. 1348 செப்டம்பரில் பலவிஞி என்ற யூத அறுவை மருத்துவரை அங்கே அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். வாக்குமூலம் எழுத்தில் இருக்கிறது. டொலேடோவிலிருந்து வந்த யாக்கோபு என்ற ரப்பி (யூத மதகுரு) ஒரு சிறுவன் கையில் தனக்கு விஷப்பொடி அனுப்பினார், மெல்லிய தோல்பையில் வைத்துத் தைத்திருந்தது, நீரூற்றுக் கல்லுக்கு அடியில் வைத்தேன் என்கிறார் அவர். பிறகு அவரைப் படகில் ஏற்றி ஏரிக்கரையில் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றைக் கிளறியதில் ஒரு துணிக் கந்தல் கிடைத்தது. விஷத்தைச் சுற்றிவைத்த துணி அதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது.

எந்த நீர்நிலையைக் கிளறினாலும் ஒரு கந்தல் துணி கிடைக்கும். என் வேலையில் கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். துணி கிடைக்காத இடமே இல்லை. ஆனால் முடிவை முதலில் எழுதிவிட்டுத் தேடுபவருக்கு அந்தக் கந்தல் சாட்சியாகிவிடுகிறது. என்னைப்போல நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் பிழைத்த ஒரு மனிதர் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு "ஆமாம், இதுதான்" என்று சொல்ல வேண்டிவந்த நிமிடத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

இந்த வாக்குமூலங்கள் படியெடுக்கப்பட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டன. யூதர்கள் மேல் குற்றமில்லை என்று நின்ற நகரத் தலைவர்கள் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள். 1349 பிப்ரவரி 14 அன்று அந்த ஊர் யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே மேடை கட்டி எரித்தார்கள். ஏறத்தாழ 2000 பேர் என்கிறது அந்த ஊரின் பழைய வரலாற்றுப் பதிவு. பிளேக் அன்றைக்கு ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வரவே இல்லை. அந்தக் கோடையில்தான் வந்தது. எரித்ததும் யூதர்களிடம் வாங்கிய கடன் பத்திரங்கள் கிழிக்கப்பட்டன, அடகுப் பொருள்கள் திரும்பின, ரொக்கத்தைப் பங்குபோட்டார்கள். பணம்தான் யூதர்களைக் கொன்ற விஷம் என்று எழுதிவைத்திருப்பவர் அதே பதிவின் கிறித்தவ ஆசிரியர்.

அந்தக் காலத்தில் அறிவே இருந்திருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். 1348-இலேயே போப் ஆறாம் கிளமென்ட் இதை மறுத்து ஆணை வெளியிட்டார். யூதர்களும் இந்த நோயில் சாகிறார்கள், யூதர்களே வசிக்காத நாடுகளிலும் இதே நோய் இருக்கிறது, அப்படியிருக்க அவர்கள் எப்படிக் காரணமாக முடியும் என்பது அவர் வாதம். நோய்ப்பரவலியலின் முதல் வகுப்பில் நாங்கள் சொல்லித்தருவது இதைத்தான்: குற்றம் சாட்டப்பட்ட காரணம் இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறதா என்று பார். வாதம் சரியாக இருந்தது, சொன்னவர் போப், ஆனாலும் எரிப்பது நிற்கவில்லை.

இங்கே ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். யூதர்கள் கை கழுவும் வழக்கமுடையவர்கள், அதனால் பிளேக்கில் குறைவாக இறந்தார்கள், அதனால்தான் சந்தேகம் வந்தது என்று மருத்துவ வகுப்புகளில் சொல்வதுண்டு. நானும் சில ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். சுத்தத்தைப் புகழ்வதுபோல் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வியன்னாவில் யூதர்கள் ஏராளமாக இறந்ததால் இடுகாட்டையே விரிவுபடுத்த வேண்டியிருந்தது என்று அக்காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தப்பினார்கள் என்பதே குற்றம்சாட்டியவர்களின் கதை. அதைப் பாராட்டாக மாற்றிச் சொன்னாலும் அதே கதைதான் பரவுகிறது. இப்போது சொல்வதில்லை.

பிளேக்குக்கும் யூதர்களுக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டு. அது பம்பாயில் நடந்தது. ஒடெசாவில் பிறந்த யூதர் வால்டெமர் ஹாஃப்கின், 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய இடம் ஒன்றில் தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாட்டில். அந்த ஊரில் பாட்டிலைத் திறந்தபோது ஏற்பட்ட மாசு என்று அவர் தரப்பு சொல்லியும் பழி அவர்மேல் விழுந்தது, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் அவருக்காக எழுதிப் போராடி, 1907-இல்தான் பழி நீங்கியது. பம்பாயில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது. அந்தத் தம்பிக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன். இலுமினாட்டி என்பது 1776-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பேராசிரியர் தொடங்கிய சிறு ரகசியச் சங்கம். 1785-க்குள் அரசு தடைசெய்து ஒடுக்கிவிட்டது. யூதர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு இலுமினாட்டிகளும், ஃப்ரீமேசன்கள் என்ற இன்னொரு ரகசியச் சங்கத்தாரும்தான் காரணம் என்று பாருவேல் என்ற பாதிரியார் 1797-இல் எழுதினார். 1806-இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது: இவர்கள் எல்லாருக்கும் பின்னால் யூதர்கள் இருக்கிறார்கள் என்று. இரண்டு கதைகளும் அங்கே ஒட்டிக்கொண்டன. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்ச் செய்தியை முந்தி அறிந்து ரோத்சைல்டு கோடிகள் குவித்தார் என்ற கதை 1846-இல் பாரிஸில் 'சாத்தான்' என்ற புனைபெயரில் வந்த துண்டுப் பிரசுரத்திலிருந்து பரவியது. 1903-இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளியான 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' இதையெல்லாம் ஒரே ரகசியக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பாக மாற்றியது. அது திருட்டுப் பிரதி. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864-இல் மோரிஸ் ஜோலி எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாக எடுத்தது. அந்த நூலில் யூதர்கள் வருவதே இல்லை. 1921-இல் லண்டன் டைம்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து அச்சிட்டுக் காட்டியது. பின்னர் நாஜிகள் அதைப் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள்.

மருத்துவர்கள் தப்பவில்லை. 1953 ஜனவரி 13 அன்று சோவியத் நாளிதழ் பிராவ்தா 9 மருத்துவர்களின் பெயரை வெளியிட்டது. 6 பேர் யூதர்கள். தவறான சிகிச்சை கொடுத்துத் தலைவர்களைக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. யூத மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தைச் சாப்பிட நோயாளிகள் பயந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்டாலின் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவருடைய சொந்த மருத்துவர் வினோகிராதவ் சிறையில் இருந்தார். ஏப்ரல் 4 அன்று அதே பிராவ்தா, எல்லாம் பொய், வாக்குமூலங்கள் முறையற்ற வழியில் வாங்கப்பட்டவை என்று அறிவித்தது. ஷியோன் கோட்டைக்கும் இதற்கும் 600 ஆண்டு இடைவெளி.

மறுப்பு எழுதினால் போதும் என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன். முகாமுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். "அது பொய்" என்று தொடங்காதீர்கள். பயந்தவரிடம் அது எடுபடாது. அவர் வீட்டில் யாராவது இறந்தார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இறந்திருப்பார்கள். அந்தத் தம்பியின் பெரியப்பா மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்திருந்து இறந்தவர். "யார் செஞ்சது?" என்ற கேள்வி அவருக்கு அந்த ஆம்புலன்ஸில் பிறந்தது. படுக்கை ஏன் இல்லை என்பதற்கு அவரிடம் ஒருவரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. வீடியோ சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள்தான் கொரோனாவைப் பரப்பினார்கள் என்று நம் ஊர்த் தெருக்களில் முஸ்லிம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்க மறுத்தவர்களுக்கும் அப்படி ஒரு பதில்தான் கிடைத்திருந்தது.

நான் அவரிடம் ரோத்சைல்டைப் பற்றிப் பேசவில்லை. மே மாதம் எங்கள் மாவட்டத்தில் ஆக்சிஜன் எப்படித் தீர்ந்தது, லாரி எங்கே நின்றது, நாங்கள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த முகாமுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊசி போட்டதும் போனை எடுத்துக் காட்டினார்.

"இன்னும் வருது மேடம். இப்ப வேற பேரு போட்டு அனுப்புறாங்க."