எண் வந்துவிட்டது, ஆனால் சரியான எண்தானா?

"போன மாசம் எந்தச் சரக்கு அதிகம் போச்சு?" என்று தமிழிலேயே தட்டினால் போதும், ஏஐ கருவி அதை எஸ்கியூஎல்லில் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதி, டேட்டாபேஸில் ஓட்டி, பதிலைக் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் எங்களைப் போன்ற டேட்டாபேஸ்காரர்களுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்த கடைக்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆசையும் பழையதுதான். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிலாக் கற்களைப் பற்றிச் சாதாரண ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, 1970களின் தொடக்கத்திலேயே லூனார் என்ற மென்பொருளைச் செய்திருந்தார்கள்.

கருவி எழுதிய குவெரி, அதாவது எஸ்கியூஎல் கேள்வி, எர்ரர் அடித்தால் பயமில்லை, கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். எர்ரர் இல்லாமல் ஓடித் தப்பான எண்ணைத் தரும் குவெரிதான் ஆபத்து.

ஒரு பில் 3,000 ரூபாய், அதில் மூன்று பொருள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் தொகை ஒரு டேபிளில், பொருள்கள் இன்னொரு டேபிளில். இரண்டையும் ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், ஒவ்வொரு பொருளின் வரியிலும் பில் தொகை திரும்ப வரும். அதைக் கூட்டினால், அந்த ஒரு பில்லே 9,000 ஆகிவிடும். ஒற்றைப் பொருள் பில்கள் மட்டும் சரியாகவே நிற்பதால், மொத்தத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

"மூணு மாசமா வராத வாடிக்கையாளர் யார்?" என்ற கேள்வி இன்னும் மோசம். கருவி இதற்கு 'நாட் இன்' (வந்தவர் பட்டியலில் இல்லாதவர்) போட்டு எழுதினால், அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் எண் இல்லாத ரொக்க பில் ஒன்றே ஒன்று இருந்தாலும் பட்டியல் முழுவதும் காலியாக வரும். காலியிடம் எதனோடும் ஒப்பிட முடியாதது என்பது எஸ்கியூஎல்லின் விதி; அதனால் யாரையும் 'பட்டியலில் இல்லை' என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. திரையில் ஒன்றும் இல்லையென்றால், எல்லோரும் தவறாமல் வருகிறார்கள் என்றுதானே நினைப்போம்?

'விற்பனை' என்றால் ஜிஎஸ்டி சேர்த்தா, ரிட்டர்ன் கழித்தா, கேன்சல் செய்த பில்லும் உண்டா? கருவி பெரும்பாலும் கேட்காது, தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். உங்கள் கடைக்கு எது கணக்கு என்பதை எழுதி முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பதிலோடு எஸ்கியூஎல்லையும் காட்டச் சொல்லி, தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இத்தகைய கருவிகளைச் சோதிக்க 2023-இல் வெளிவந்த பேர்ட் என்ற தேர்வில் 95 டேட்டாபேஸ்கள்மீது கேள்விகள் கேட்டார்கள். அப்போது ஜிபிடி-4 என்ற ஏஐ சரியாகச் சொன்னது 55 சதவீதத்தை ஒட்டி. பயிற்சி பெற்ற மனிதர்களே 93-ஐத்தான் தொட்டார்கள். கருவிகள் பிறகு முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

அனுமதி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. "எதையும் அழிக்காதே" என்று கருவியிடம் சொல்லிவைப்பது பூட்டு ஆகாது. படிக்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர் கணக்கை அதற்குக் கொடுங்கள். வாடிக்கையாளரின் போன் நம்பர் அதன் கண்ணில் படவே வேண்டாம்.

புதிதாக வாங்கியிருக்கிறீர்களா? ஆடிட்டர் கணக்கை முடித்துக் கொடுத்த ஏதாவது ஒரு மாதத்தின் விற்பனையை முதலில் கேளுங்கள். இரண்டு தொகையும் ஒத்துப்போகும்வரை, கருவி சொல்லும் எண்ணை நம்பிச் சரக்குக்கு ஆர்டர் போடாதீர்கள்.