நத்தை ஓட்டுக்குள் சாகும் 'மல்டி' மீன்கள்

மீன் வளர்ப்பவர்கள் 'மல்டி' என்று சுருக்கி அழைக்கும் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியாட்டஸ், ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த, சிக்லிட் என்ற நன்னீர் மீன் குடும்பத்துக் குட்டி மீன். ஆண் 4, 5 செ.மீ. இருந்தாலே பெரிது, பெண் அதைவிடச் சிறியது. செத்த நத்தைகளின் ஓடுதான் வீடு. ஏரி நீர் காரத்தன்மை கொண்டது என்பதால் ஓடுகள் கரையாமல் அடியில் குவிந்து கிடக்கும். மணலை வாயால் அள்ளித் துப்பிக் குழி பறித்து, ஓர் ஆண், சில பெண்கள், குஞ்சுகள் என்று கூட்டமாகக் குடியிருக்கும்.

அந்த ஏரியின் பி.எச். (நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9-ஐ ஒட்டியது. தொட்டியிலும் 8-க்குக் கீழே விடக் கூடாது. வில்லங்கம் இங்கேதான். 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் மீன் கழிவிலிருந்து சேரும் மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது சுமார் 0.6 சதவீதம். 8.5 என்றால் ஏறக்குறைய 15 சதவீதம். மற்ற தொட்டிகளில் மீன் தாக்குப்பிடிக்கும் அமோனியா அளவு இங்கே மீனைக் கொல்லும்.

முதல் சாவு பெரும்பாலும் வாங்கிவந்த அன்றே. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவு அமோனியாவும் அதிகம் உறைக்காது. பையைத் திறந்து, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டால் பி.எச். ஏறும், அமோனியா நஞ்சாகும். நிதானம் என்று நினைத்துச் செய்வதே வினை. கடைக்காரரின் தொட்டி பி.எச்., உப்பு அளவை முன்பே கேட்டு, நம் தொட்டியை அதற்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடவும். பை நீரைக் கொட்டிவிடலாம்.

தொட்டி 60 செ.மீ. நீளம் போதும். ஐந்து செ.மீ. உயரத்துக்கு நைஸ் மணல். கூழாங்கல் போட்டால் மீனால் பறிக்க முடியாது. பி.எச். இறங்காமலிருக்க பில்டரில் பவளத்தூள். பில்டர் பழக, அதாவது அமோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் வளர, 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை மீன் வேண்டாம். வயல் நத்தை ஓடுகளைக் கொதிக்கவைத்துக் கழுவி, மீனுக்கு இரண்டு வீதம் போடுங்கள். சுருளுக்குள் சதை ஒட்டியிருந்தால் அழுகும், முகர்ந்து பாருங்கள்.

செத்த மீனும் ஓட்டுக்குள்ளேயே கிடக்கும், வெளியே தெரியாது. தீனி போடும்போது தலையை எண்ணுங்கள். குறைந்தால் ஓடுகளைச் சோதிக்கவேண்டும். ஆனால் உள்ளே குஞ்சுகள் இருக்கக்கூடும். தொட்டி நீர் நிரப்பிய கிண்ணத்துக்குள் வைத்தே கவிழ்க்கவும்.