மார்க்கர் கறையா? அதன் மேல் என்ன ஊற்றினீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்

கார்பெட்டில் பர்மனென்ட் மார்க்கர் பட்டுவிட்டது என்று போன் வந்தால், கறை எவ்வளவு பெரிது, என்ன கலர் என்றெல்லாம் நான் முதலில் கேட்பதில்லை. "அது மேல என்ன ஊத்தினீங்க?" இதுதான் என் முதல் கேள்வி. "ஒண்ணும் ஊத்தலைங்கண்ணா, சும்மா தண்ணி தொட்டுத் துடைச்சோம்" என்பார்கள். நேரில் போனால் டூத் பேஸ்ட் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும், பக்கத்தில் எலுமிச்சை விதை ஒன்று கிடக்கும்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஓசூர் பக்கம் சோபா, கார்பெட் சுத்தம் செய்வது என் தொழில். இங்கே மாம்பழ சீசன் வந்தால் எனக்கு மார்க்கர் சீசன். மண்டியில் பெட்டி மேல் பேரும் நம்பரும் எழுதுகிற தடி மார்க்கர் சட்டைப் பையோடு வீட்டுக்கு வரும், லீவுக்கு வந்த பேரப்பிள்ளை கையில் அது மாட்டும், அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். காஷ்மீர் டூர் போனபோது வாங்கி வந்த கம்பளி கார்பெட், நடுவில் விரல் நீளத்துக்கு நாலைந்து கருப்புக் கோடு. கோடு மட்டும் இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் வீட்டுப் பாட்டியம்மா வெள்ளை வேட்டிக்குப் போடுகிற பிளீச்சைக் கரைத்து ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டார். கம்பளி என்பது ஆட்டு முடி, நம் தலைமுடி மாதிரிதான். குளோரின் பிளீச் அதை மஞ்சளாக்கும், அதிகமானால் இழையையே அரித்துவிடும். நான் போனபோது அந்த இடம் பழுப்பேறி, கையால் தடவினாலே இழை உதிர்ந்தது. "தம்பி, கறை போயிருச்சு பாருங்க" என்றார் பாட்டி. கறை போனது உண்மைதான், கார்பெட்டும் சேர்ந்து போயிருந்தது.

மார்க்கர் மை தண்ணீருக்கு ஏன் அசைவதில்லை என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் மூன்று பொருள் இருக்கிறது: சாயம், அதைப் பிடித்து வைக்கிற பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கிற ஆல்கஹால் மாதிரியான கரைப்பான். எழுதியதும் கரைப்பான் ஆவியாகிவிடும், பிசின் சாயத்தோடு இழையில் இறுகிவிடும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்பார்கள். தண்ணியாக, கலர் இல்லாமல் இருந்தால் பரவாயில்லை. ஜெல் வேண்டாம், அதில் இருக்கிற கொழகொழப்பு இழையில் தங்கிப் பிசுபிசுக்கும்.

நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுக்காதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது அசிட்டோன். சில செயற்கை இழைகளையே அது கரைத்துவிடும், கீழே இறங்கினால் கார்பெட்டின் அடித்துணியைப் பிடித்திருக்கிற லேடெக்ஸ் பசையையும் கெடுக்கும்.

பசை விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓசூரில் ஒரு அபார்ட்மென்டில், அவசரத்தில் ஸ்பிரிட் பாட்டிலை நேராகக் கறை மேல் சாய்த்துவிட்டேன். ஒரு ரூபாய் அளவு இருந்த புள்ளி சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது, நாலு நாள் கழித்து அந்த இடத்தில் கார்பெட் அடியிலிருந்து உப்பிக்கொண்டு எழுந்தது. கைக்காசுதான் போட்டேன். அன்றிலிருந்து ஸ்பிரிட்டைத் துணியில் மட்டும்தான் ஊற்றுகிறேன், கார்பெட்டில் இல்லை.

துணி வெள்ளையாக இருக்கட்டும், பழைய வேட்டி கிழித்தது அருமை. முதலில் சோபாவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கார்பெட்டின் கலர் துணியில் ஏறினால் அதோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கம்பளியா செயற்கையா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரே ஒரு இழையை எடுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்க்கில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, உருகி மணி மாதிரி கட்டினால் செயற்கை. இந்தத் தீ வேலையெல்லாம் ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஏனென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும், நம் ஊரில் மார்கழியில்கூட வீட்டுக்குள் அவ்வளவு குளிராது. சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாம் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அப்புறம் வேலை ஒன்றுதான்: வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒத்தி ஒத்தி எடுப்பது. தேய்த்தால் மை பரவும், இழையும் சிலும்பும். மை ஏறிய துணியை அப்படியே திரும்ப வைத்தால் மை கார்பெட்டுக்கே போகும், ஒவ்வொரு தடவையும் துணியின் புது இடத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கருப்பு மை சில சமயம் ஊதாவாகப் பிரியும், பயப்பட வேண்டாம், கருப்புக்குள் கலந்திருந்த சாயங்கள் தனித்தனியாகக் கழன்று வருகின்றன, அவ்வளவுதான். உள்ளங்கை அளவுக் கறைக்கு எனக்கே அரை மணிக்கு மேல் ஆகும். வெளிர் கலர் கார்பெட்டில் பழைய கறை என்றால் லேசான நிழல் தங்கலாம். முழுசாகப் போய்விடும் என்று சத்தியம் செய்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

மை போனதும் ஒரு டம்ளர் தண்ணீரில் ரெண்டு மூணு சொட்டு பாத்திரம் கழுவுகிற லிக்விட் கலந்து ஒத்துங்கள், பிறகு வெறும் தண்ணீரால் ஒத்தி அந்தச் சோப்பையும் எடுத்துவிடுங்கள். இங்கேதான் நம் பக்கத்துப் போர் தண்ணீர் கெடுக்கும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூக்கும், சோப்பும் சரியாக அலசப்படாமல் தங்கும், தங்கிய சோப்பு தூசியைப் பிடிக்கும். ஒரு மாதம் கழித்து "அண்ணா, கறை திரும்ப வந்திருச்சு" என்று போன் வருவது பாதி நேரம் இதனால்தான். கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். முடித்ததும் காய்ந்த துணியை மடித்து வைத்து, மேலே பாலிதீன் கவரில் சுற்றிய கனமான புத்தகத்தை ராத்திரி முழுக்க வையுங்கள், அடியில் தங்கிய மை மேலே வந்தாலும் துணியில் ஏறிவிடும்.

ஊற்றியதை மறைக்காதீர்கள் என்று நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிளீச்சும் டாய்லெட் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடின அறையில் அது மூச்சைப் பிடிக்கும். பிளீச் ஊறிய இடத்தில் நான் ஸ்பிரிட்டும் வைக்க மாட்டேன், அந்த ரெண்டும் சேரக்கூடாது. முதலில் தண்ணீர் விட்டு, மெஷினால் உறிஞ்சி, அதைக் காலி செய்த பிறகுதான் மார்க்கர் பக்கமே போவேன். நீங்கள் போனிலேயே சொல்லிவிட்டால் அந்த மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவேன்.