மிராண்டா வாசிக்காவிட்டால் கேஸ் தள்ளுபடியா?

"போலீஸ் உரிமையை வாசிக்கவே இல்லை சார், அப்போ கேஸ் நிற்காதுதானே?" அமெரிக்காவில் கிரிமினல் வழக்குகளில் வாதாடும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் வாசிப்பதைத்தான் மிராண்டா எச்சரிக்கை என்கிறார்கள். அண்மையில் வந்த ஒருவர், கூப்பிட்டதும் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வாசிக்கவில்லை என்ற தெம்பில் என்னிடம் வந்தார். அவரைக் கைது செய்யவே இல்லை. அங்கே மிராண்டாவுக்கு வேலையே இல்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். 1966இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன் எச்சரிக்க வேண்டும் என்று. காவலும் வேண்டும், விசாரணையும் வேண்டும். சாலையில் காரை நிறுத்திக் கேட்கும் வழக்கமான கேள்விகள் பொதுவாக அதில் சேராது. சரி, எச்சரிக்கவில்லை, என்ன ஆகும்? அந்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாது. அவ்வளவுதான். கேமரா பதிவு, கைரேகை, சாட்சிகள் எல்லாம் அப்படியே இருக்கும். நீங்கள் கூண்டேறி மாற்றிச் சொன்னால், அதே வாக்குமூலத்தை எடுத்து உங்களையே மடக்கலாம். நீங்களாகச் சொல்லி அவர்கள் கண்டெடுத்த துப்பாக்கியும் சாட்சியமாகும் என்று 2004இல் தீர்ப்பு வந்தது. அந்த 1966 வழக்கின் நாயகன் எர்னஸ்டோ மிராண்டாவே விடுதலையாகிவிடவில்லை! 1967இல் அந்த வாக்குமூலம் இல்லாமலே மறுபடி விசாரித்து, மறுபடி குற்றவாளி என்றுதான் தீர்த்தார்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்ற எண்ணம். டாம்ப்கின்ஸ் என்பவர் ஏறக்குறைய மூன்று மணி நேர விசாரணையில் பெரும்பாலும் பேசாமல் இருந்தார். கடைசியில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு வேண்டுகிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றார். அந்தப் பதில் சாட்சியமாகச் செல்லும் என்றது 2010 தீர்ப்பு. டெக்சஸில் சலினாஸ், கைதாகாமல் பேசிக்கொண்டிருந்தவர், தோட்டா உறை பற்றிய ஒரு கேள்விக்கு மட்டும் மௌனமானார். அந்த மௌனத்தையே அரசுத் தரப்பு அவருக்கு எதிராக வைத்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை.

ஆகவே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "நான் பேச விரும்பவில்லை. எனக்கு வக்கீல் வேண்டும்." 'வக்கீல் வைத்துக்கொள்ளலாமோ?' என்று இழுத்தால் விசாரணையை நிறுத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சொன்ன பிறகு அமைதியாக இருங்கள். மரியாதைக்காக நாலு வார்த்தை பேசாதீர்கள், நம் ஆட்கள் மாட்டுவதே அங்கேதான். பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. போலீஸோ உங்களிடம் 'கூட்டாளி ஒத்துக்கொண்டான்' என்று பொய் சொல்லலாம், 1969லிருந்து அதற்கு இடமிருக்கிறது. காரை நிறுத்தினால் லைசென்ஸைக் காட்டுங்கள், அதில் தகராறு வேண்டாம்.

எச்1பி, மாணவர் விசாவில் இருப்பவர்களே, தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 5ஆம் திருத்தத்தின் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. ஆனால் சின்னக் கேஸ்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நாடு கடத்தல் வரை போகலாம். க்ரீன் கார்டு இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. கையெழுத்துக்கு முன் விசா என்னவாகும் என்று வக்கீலிடம் கேளுங்கள். 2010இன் பாடில்லா தீர்ப்புப்படி, அந்த ஆபத்தைச் சொல்ல வேண்டியது அவருடைய கடமை.